லேசர் வாங்கலாமா, போல்ட்டைக் கழற்றலாமா: புது ஸ்கோப்பை நேர்ப்படுத்தும் வழிகள்

"அண்ணா, ஸ்கோப் மாட்டியாச்சு. லேசர் எது வாங்கட்டும்?" என்று பக்கத்து ஊர் நண்பர் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. ஸ்கோப் என்பது குறிபார்க்க ரைஃபிளின் மேல் மாட்டும் தொலைநோக்கி. இங்கே பென்சில்வேனியாவில் 2019-லிருந்து ரைஃபிள் மான் வேட்டை, தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் துப்பாக்கிக் கடைகளில், ஸ்கோப்பைக் குழலோடு நேர்ப்படுத்த உதவும் லேசர் முதலான போர்சைட்டர் கருவிகளின் பெட்டிகள் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும். இருபது டாலருக்கும் கிடைக்கும், நூறைத் தாண்டியும் கிடைக்கும். நண்பர் வாங்கியிருப்பது .308 தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. மேலே 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும் சாதாரண வேட்டை ஸ்கோப். என்னிடம் இருப்பது பழைய ரெமிங்டன் 760, பம்ப் ஆக்‌ஷன், முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை, தோட்டா 30-06. இரண்டும் மான் வேட்டைக்கான துப்பாக்கிகள்தான். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு இரண்டுக்கும் பதில் வேறு. அதனால்தான் "இதை வாங்குங்கள்" என்று ஒரே வரியில் முடிக்க முடியவில்லை.

முதலில், இந்த வேலை எதற்காக? ஸ்கோப், துப்பாக்கிக் குழலுக்கு மேலே சுமார் ஒன்றரை அங்குல உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாங்கும் ரிங், அதற்குக் கீழே உள்ள தளம், தளத்துக்காகத் துளைத்த திருகு ஓட்டைகள் என்று ஒவ்வொன்றிலும் மயிரிழை பிசகு இருக்கும். எல்லாம் சேர்ந்தால் ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடு ஒரு பக்கமும் குழல் இன்னொரு பக்கமும் பார்க்கும். அரை பாகை விலகினாலே 100 கஜத்தில் 31 அங்குலம். சாதாரண காகித இலக்கின் அகலத்தைவிட அது அதிகம். முதல் தோட்டா காகிதத்தையே தொடாமல் மண்மேட்டில் புதைந்துவிட்டால், அது இடது பக்கம் போனதா, வலது பக்கமா, மேலேயா என்று ஒன்றும் தெரியாது. கோட்டை நகர்த்த ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் உள்ள திருகுகளில் எதை எந்தப் பக்கம் திருப்புவது? காகிதத்தில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் கணக்குதான்.

முதல் தோட்டாவைக் காகிதத்துக்குள் கொண்டுவருவதோடு போர்சைட்டரின் வேலை முடிந்துவிடுகிறது. அதுவே ஜீரோ செய்துவிடும், அதாவது குறித்த தூரத்தில் கோடு காட்டும் இடத்திலேயே தோட்டா விழும்படி செய்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சில பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். லேசருக்குத் தெரிந்தது குழலின் துளை எங்கே பார்க்கிறது என்பது மட்டும். சுடும்போது தோட்டா வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி பின்னால் உதைக்கத் தொடங்கியிருக்கும், குழல் அதிரும். 150 கிரெய்ன் எடையுள்ள தோட்டா ஓரிடத்திலும் 180 கிரெய்ன் தோட்டா இன்னோரிடத்திலும் விழும். அதையெல்லாம் எந்த லேசரும் சொல்லாது. லேசரில் மட்டும் நேர்ப்படுத்திவிட்டு நேரே காட்டுக்குப் போகிறவர் மானைக் காயப்படுத்தி ஓடவிடும் வாய்ப்பு அதிகம். அதை மன்னிக்க முடியாது.

சரி, காசே செலவாகாத வழியிலிருந்து வருகிறேன். போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியில் போல்ட்டைப் பின்பக்கமாக உருவி எடுத்துவிடலாம். ரெமிங்டன் 700, சாவேஜ் 110, வின்செஸ்டர் மாடல் 70, டிக்கா, ரூகர் அமெரிக்கன் எல்லாமே அப்படித்தான். எடுத்துவிட்டால் குழல் ஒரு நீண்ட ஊதுகுழல் மாதிரி. பின்னாலிருந்து பார்த்தால் எதிர்முனை வரை தெரியும். துப்பாக்கியை மணல்மூட்டையில் அசையாமல் கிடத்தி, 25 அல்லது 50 கஜத்தில் உள்ள கறுப்பு வட்டம் குழலின் வெளிச்ச வட்டத்துக்கு நடுவில் வரும்படி வைக்க வேண்டும். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் வைப்பதில் மனிதக் கண் கெட்டிக்காரக் கண். ஒரு நூல் விலகினாலும் கண்டுபிடித்துவிடும். பிறகு துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் மேலே தூக்கி ஸ்கோப்பில் பார்த்து, குறுக்குக் கோடு அதே கறுப்பு வட்டத்துக்கு வரும்வரை திருகைத் திருப்புவது. மறுபடி குழல், மறுபடி ஸ்கோப். இரண்டு மூன்று முறை மாறி மாறிப் பார்த்தால் முடிந்தது. மூட்டை கிடைக்காவிட்டால் கெட்டியான அட்டைப்பெட்டியின் இரு பக்கமும் V வடிவத்தில் வெட்டினாலே போதும்.

இதில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. திருகின் மேல் 'மேலே' என்று அம்புக்குறி இருக்கும். அது தோட்டா விழும் இடத்தை மேலே நகர்த்துவதற்கான குறி. ஆனால் இங்கே குழல் அசையாமல் கிடக்கிறது, நகர்வது குறுக்குக் கோடுதான். 'மேலே' என்று திருப்பினால் கண்ணுக்குக் கோடு கீழே இறங்கும். 'இடது' என்றால் கோடு வலது பக்கம் போகும். அதாவது, கோட்டை எந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்க அம்புக்குறியைப் பார்த்துத் திருப்ப வேண்டும். லேசர் வைத்துச் செய்தாலும் இதே கதைதான். சுடத் தொடங்கிய பிறகு அம்புக்குறி சொல்வதே சரி. இந்த மாற்றத்தை நண்பரிடம் இரண்டு முறை சொன்னேன்.

இந்த இலவச வழியின் குறை இடம்தான். ஆள் நடமாட்டமுள்ள தெருவில் ஜன்னல் வழியாக ரைஃபிளை நீட்டி, எதிர்வீட்டுக் கூரையைக் குறிபார்த்துக்கொண்டிருந்தால், போல்ட் இல்லாத துப்பாக்கி என்று போலீசுக்கு விளக்கிச் சொல்லும்வரை நமக்குக் கைவிலங்குதான். எனவே சுடுதளத்துக்குப் போக வேண்டும். அங்கே இலக்கு மாற்ற ஆட்கள் முன்னால் நடக்கும் இடைவேளையில் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது, குனிந்து பார்க்கவும் கூடாது. சுட அனுமதி இருக்கும் நேரத்தில்தான் குழலுக்குள் பார்க்க முடியும். பக்கத்து மேசைக்காரர் சுடச்சுட நம் மேசையும் அதிரும். பெரிய தொல்லை இல்லை, கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இனி என் 760. இந்த மாநிலத்தில் மான் வேட்டைக்கு அரைத் தானியங்கி ரைஃபிள் கூடாது என்பது பழைய விதி. வேகமாக அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டுமென்றால் பம்ப்தான் வழி. அதனால் 1952-இல் வந்த 760-உம் அதன் பின்வந்த 7600-உம் இந்த மலைகளில் வீட்டுக்கு வீடு இருந்தன. நவீன இயந்திரங்களைத் தவிர்த்து வாழும் இங்குள்ள ஆமிஷ் மக்களை வைத்து 'ஆமிஷ் இயந்திரத் துப்பாக்கி' என்று கேலிப்பெயரே உண்டு. ஆனால் அதன் பின்பக்கம் மூடியது. போல்ட்டை உருவிக் குழலைப் பார்க்க வழியில்லை. இப்படிப்பட்ட துப்பாக்கிக்குத்தான் லேசர் தன் காசுக்கு வேலை செய்கிறது.

லேசரிலும் இரண்டு குடும்பங்கள். ஒன்று, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடமான தோட்டா அறைக்குள் போவது, இன்னொன்று குழலின் வாயில் பொருந்துவது.

முதலாவது, தோட்டாவைப் போலவே பித்தளையில் செய்த உருளை. உள்ளே லேசர், பின்னால் பட்டன் பேட்டரிகள். தோட்டா அறையில் போட்டு மூடினால் குழலின் உள்ளிருந்து சிவப்புப் புள்ளி கிளம்பி இலக்கில் விழும். விலை குறைவு, சட்டைப்பையில் அடங்கும், துப்பாக்கியின் வாயைத் தொடுவதில்லை. ஆனால் துப்பாக்கிக்கேற்ற அளவு வேண்டும். .308-க்கு வாங்கியது அதே குடும்பத்தைச் சேர்ந்த .243-க்கும் 7எம்எம்-08-க்கும் பெரும்பாலும் பொருந்தும். 30-06-க்கு வாங்கியது .270-க்கும் .25-06-க்கும் ஆகும். இந்த இரண்டு தோட்டாக் குடும்பமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. நண்பருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு வாங்க வேண்டும்.

நான் முதலில் வாங்கிய மலிவான லேசரின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 25 கஜத்தில் புள்ளி விழுந்தது, திருகைத் திருப்பிச் சேர்த்தேன், சுடுதளத்துக்குப் போய் 100 கஜத்தில் சுட்டேன். காகிதத்தில் ஒன்றும் இல்லை. ஆறு தோட்டா வீணான பிறகு வீட்டுக்கு வந்து, உருளையை எடுத்துக் கால் சுற்று திருப்பிப் போட்டேன். புள்ளி நகர்ந்தது. மறுபடி கால் சுற்று, மறுபடி நகர்ந்தது. நான்கு முறை போட்டதில் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டமே வரைந்துவிட்டது. பித்தளை உருளையின் நடுவில் லேசர் நேராக உட்காரவில்லை. 25 கஜத்தில் ஓர் அங்குலப் பிசகு 100 கஜத்தில் நான்கு அங்குலம். அதுவே இரண்டு அங்குலம் என்றால் எட்டு.

ஆனால் அந்த லேசரை நான் தூக்கிப் போடவில்லை. புள்ளி வட்டம் போட்டால் வட்டத்தின் நடுவே குழலின் உண்மையான திசை. நான்கு நிலையிலும் புள்ளி விழும் இடத்தை அட்டையில் பென்சிலால் குறித்து, எதிரெதிர்ப் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் அவை வெட்டும் இடம்தான் நமக்கு வேண்டியது. இந்த ஒரு பரிசோதனை தெரிந்தால் இருபது டாலர் லேசரும் வேலைக்கு ஆகும். தெரியாவிட்டால் நூறு டாலர் லேசரும் ஏமாற்றும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. பல துப்பாக்கிகளின் போல்ட் முகத்தில், சுட்ட தோட்டாக்கூட்டைத் தள்ளிவிடுவதற்கு வில் வைத்த ஒரு சின்ன முளை இருக்கும். அது உருளையின் ஒரு பக்கத்தை மட்டும் அழுத்திச் சாய்த்துவிடும். ஒவ்வொரு முறையும் போல்ட்டை ஒரே மாதிரி, மெதுவாக மூடினால் அந்தச் சாய்வாவது மாறாமல் இருக்கும்.

இரண்டாவது குடும்பம் குழலின் வாயில் நிற்பது. பழைய வகையில் ஒரு தண்டு குழலுக்குள் போகும். .22 முதல் .50 வரை அளவுக்கேற்ற ரப்பர் வளையமோ பொருத்தியோ அதனுடன் வரும், ஒரே பெட்டியில் வீட்டில் உள்ள எல்லாத் துப்பாக்கிக்கும் ஆகிவிடும். பயமும் அதில்தான். மறந்துபோய்த் தண்டோடு சுட்டால் குழல் பிளக்கும், கையும் கண்ணும் போகும். தோட்டாக்கள் வீட்டின் வேறோர் அறையில் இருக்கும்போது மட்டுமே இதைத் தொடுவது என்று நான் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். தோட்டா அறைக்குள் போகும் உருளைக்கும் அதே கட்டுப்பாடுதான். தண்டை அலட்சியமாக நுழைத்து எடுத்தால் குழல் வாயின் உள்விளிம்பு கீறும். துல்லியம் பிறப்பதே அந்த விளிம்பில்தான். அங்கே ஒரு கீறல் விழுந்தால் எந்த ஸ்கோப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

புதிய வகை காந்தத்தால் குழல் வாயில் ஒட்டிக்கொள்வது. உள்ளே எதுவும் போவதில்லை, கேலிபர், அதாவது குழல் துளையின் அளவு பற்றிய கவலையும் இல்லை. நூறு டாலர் பக்கம் போகும் பெட்டிகள் பெரும்பாலும் இவைதான், பச்சை லேசரோடும் வருகின்றன. குழலின் வாய் நேர்க்கோணத்தில் வெட்டியிருந்தால் அருமையாக வேலை செய்யும். வாயில் உதையைக் குறைக்கும் பிரேக் திருகியிருந்தால் லேசர் பார்ப்பது பிரேக்கின் முகத்தை, குழலை அல்ல. அலுமினியத்தில் செய்தது என்றால் ஒட்டவே ஒட்டாது. கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். இதையும் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது.

புள்ளியை எந்தத் தூரத்தில் வைத்துச் சேர்ப்பது என்பதில்தான் பெரும்பாலான குறிப்புகள் கையை விரிக்கின்றன. உண்மையில் லேசரின் விலையைவிட இது முக்கியம். 150 கிரெய்ன் .308, நொடிக்கு 2800 அடி வேகம், ஸ்கோப் ஒன்றரை அங்குல உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். லேசர் நேர்க்கோட்டில் போகும், தோட்டா விழுந்துகொண்டே போகும். 100 கஜம் போவதற்குள் ஏறக்குறைய 2.4 அங்குலம் விழுந்துவிடும். ஸ்கோப்புக்குக் கீழே உள்ள குழலின் கோடு, ஸ்கோப்பின் பார்வைக் கோட்டைச் சந்தித்த பிறகு அதற்கு மேலே போய்விடும். ஆகவே 25 கஜத்தில் புள்ளிக்கு நேராகக் கோட்டைச் சேர்த்தால் 100 கஜத்தில் தோட்டா சுமார் இரண்டு அங்குலம் மேலே விழும். 50 கஜத்தில் சேர்த்தால் சுமார் ஓர் அங்குலம் கீழே. 100 கஜத்திலேயே புள்ளி தெரிந்து சேர்க்க முடிந்தால் விழுந்த அளவு முழுவதும், அதாவது 2.4 அங்குலம் கீழே.

இதிலிருந்து ஒரு குறுக்கு வழி பிறக்கிறது. 100 கஜத்தில் ஜீரோ வேண்டும் என்றால், 25 கஜத்தில் சிவப்புப் புள்ளி குறுக்குக் கோட்டுக்கு அரை அங்குலம் கீழே நிற்க வேண்டும். வீட்டுக்குள் 10 கஜம்தான் கிடைக்கிறது என்றால் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே. ஆனால் 10 கஜத்தில் செய்யும் கால் அங்குலப் பிழை 100 கஜத்தில் இரண்டரை அங்குலமாகிவிடும். அதோடு, வேட்டை ஸ்கோப்புகளில் பல 100 கஜத்துக்காகத் தொழிற்சாலையிலேயே அமைத்தவை. பத்து கஜத்தில் எல்லாம் மங்கும், கண்ணை அசைத்தால் கோடும் அசையும். வேறு வழியில்லை என்றால் மட்டும் கண்ணை ஸ்கோப்பின் நேர்நடுவில் வைத்துச் செய்யலாம். கீழ்த்தளத்தில் நீளமான அறை உள்ளவர்களுக்கு இது போதுமானது. பக்கவாட்டுத் திசையாவது சரியாக அமைந்துவிடும்.

பகல் வெளிச்சத்தில் சிவப்புப் புள்ளி 25 கஜத்திலேயே காணாமல் போகிறது. பச்சை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சாயங்காலம் மசங்கிய பிறகு, ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டையை இலக்கில் ஒட்டிவிட்டுச் செய்தால் மலிவான சிவப்பே போதும். பச்சைக்காகத் தனியாகக் காசு கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லேசருக்கு முன்பே இருந்த ஒரு கருவி கட்டம் போட்ட கண்ணாடிக் குழாய், கோலிமேட்டர். குழல் வாயில் தண்டாலோ காந்தத்தாலோ நிற்கும். ஸ்கோப்பில் பார்த்தால் சதுரக் கட்டங்கள் தெரியும், குறுக்குக் கோட்டைக் கட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பேட்டரி தேவையில்லாத வகைகளே அதிகம், தூரமும் தேவையில்லை, சமையலறை மேசையிலேயே செய்யலாம். ஆனால் முதல்முறை நேர்ப்படுத்த மட்டுமே இதை வாங்கினால் பாதிப் பயனை விட்டுவிடுகிறோம். சுட்டு ஜீரோ செய்த பிறகு மறுபடி மாட்டி, கோடு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வயோமிங், மொன்டானா என்று விமானத்தில் துப்பாக்கியைக் கொண்டுபோகிறவர்கள் இறங்கியதும் ஒருமுறை மாட்டிப் பார்த்தால், வழியில் யாராவது பெட்டியைத் தூக்கிப் போட்டார்களா என்பது தெரிந்துவிடும். தோட்டா ஒன்றுகூட செலவாகாது. என் நண்பர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வேட்டைக்குப் போவதில்லை. எனவே அவருக்கு இது வேண்டாம்.

கடையில் கொடுத்து மாட்டச் சொல்வதும் உண்டு. ஸ்கோப்பை அங்கேயே வாங்கினால் பல கடைகள் மாட்டி, போர்சைட்டும் செய்து தருகின்றன. அப்படி வந்தாலும் 25 கஜத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், கடைக்காரர் சொன்னார் என்று நேரே 100-க்குப் போகக்கூடாது.

எதுவும் செய்யாமல் பெரிய அட்டையை 25 கஜத்தில் நட்டு நேரே சுடுவதும் ஒரு வழிதான். பிசகு அரை பாகை இருந்தாலும் 25 கஜத்தில் அது எட்டு அங்குலம்கூட இல்லை. நல்ல தளமும் ரிங்கும் போட்டிருந்தால் முதல் தோட்டாவே பெரும்பாலும் அட்டையில் விழும். வேட்டைத் தோட்டா ஒன்று ஒன்றரை முதல் இரண்டு டாலர் என்றால், இருபது டாலர் லேசர் பத்துப் பன்னிரண்டு தோட்டா விலை. ஒரே துப்பாக்கி, ஒரே ஸ்கோப், வருடத்துக்கு ஒருமுறை வேட்டை என்பவருக்கு இந்தக் கணக்கில் லேசர் தோற்றுவிடுகிறது. ஸ்கோப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பவருக்கு ஜெயிக்கும்.

ஆகவே நண்பருக்குச் சொன்னேன்: லேசர் வேண்டாம். அந்தக் காசுக்கு, திருகை அளவோடு இறுக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவர் வாங்குங்கள். ரிங் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு இறுக்கம், உங்கள் ரிங்கின் குறிப்பில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு. தளர்ந்திருந்தால் இன்று செய்த ஜீரோ நாளை இருக்காது, அதிகமாக இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். போல்ட்டைக் கழற்றிப் பார்க்கக் காசு வேண்டியதில்லை. என் 760-க்கு அந்த வட்டம் போடும் லேசர் பெட்டியிலேயே இருக்கிறது, புதிது வாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் சுடுதளத்துக்குப் போனோம். போல்ட்டை உருவி, 25 கஜத்தில் குழலைப் பார்த்து, ஸ்கோப்பைப் பார்த்து, பத்து நிமிடத்தில் முடித்தார். முதல் தோட்டா வலது பக்கம் ஓர் அங்குலம், கீழே முக்கால் அங்குலம். உயரத்தைத் தொட வேண்டாம் என்றேன், 100 கஜ ஜீரோவுக்கு 25-இல் அவ்வளவு கீழே விழுவதுதான் நியாயம். பக்கவாட்டுக்கு மட்டும் 16 கிளிக். அவருடைய ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும், 25 கஜத்தில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான். தலையாட்டிவிட்டு எண்ணி எண்ணித் திருப்பினார். இரண்டாவது தோட்டா இரண்டு அங்குலம் வலது பக்கம் போய் விழுந்தது. பத்து நிமிடத்துக்கு முன்பு குழலைப் பார்த்தபோது செய்த அதே எதிர்ப்பக்கக் கணக்கிலேயே திருகைத் திருப்பியிருக்கிறார். "அம்புக்குறியைப் பாருங்க, இடது பக்கம், 32" என்றேன். மூன்றாவது நடுக்கோட்டில் விழுந்தது.